கல்யாணத் தோரணத்தில் இரண்டு சரம் சிலுவை

தென்னங்குருத்தை ஒரு தடவை மடித்துவிட்டால் அந்த மடிப்பு போகாது. பிரித்து நீவி விட்டாலும் வெளிறிய கோடாக நிற்கும். அதே கோட்டில் மறுபடி மடித்தால் தானாக வந்து விழும். வேறு கோட்டில் மடித்தால் கிழியும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வருஷா வருஷம் மடித்ததில் விரல்கள் தெரிந்துகொண்டது.

நான் பத்தாவது வரை படித்தவன். முதலில் இரண்டு வருஷம் காக்களூரில் அட்டைப்பெட்டி செய்யும் இடத்தில் வேலை செய்தேன். பிறகு கும்மிடிப்பூண்டிக்கு வந்து இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தேன். சூடு தணிந்து வரும் கம்பிகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி, மெல்லிய கம்பி போட்டு முறுக்கி இறுக்கிக் கட்டுவது என் வேலை. லாரியில் எத்தனை ஊர் போனாலும் நான் கட்டிய கட்டு அவிழாது என்று சொல்வார்கள். வேலை நேரத்தில் பேச வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது.

பேசுவதற்கு எனக்கு எப்போதும் கூச்சம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் காலனியில் வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு சின்ன ஜெபம் சொல்வார்கள். என் முறை வந்தால் நான் இருமுவேன். பக்கத்தில் இருப்பவர் புரிந்துகொண்டு அவருடைய ஜெபத்தைத் தொடங்கிவிடுவார். பல வருஷம் இப்படியே ஓடியது. கர்த்தர் ஒரு நாள் எனக்குப் பதில் சொல்ல இருமல் மருந்துதான் அனுப்பப் போகிறார் என்று என் மனைவி எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாள்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் எங்கள் காலனி ஆலயத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. குருத்தோலை ஞாயிறு. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு. இயேசு கழுதை மேல் ஏறி எருசலேமுக்குள் போனதை நினைத்து, எல்லாரும் கையில் ஓலை பிடித்துப் பாடிக்கொண்டு தெருவில் போவோம். அதற்கு முந்தின நாள் குருத்து கொண்டுவந்து, கிழித்து, ஆளுக்கு ஒன்றாகச் சின்னச் சிலுவை மடித்து வைப்பது என் பொறுப்பு. அதோடு நீள மூங்கிலில் முழுக் குருத்தைச் சேர்த்துக் கட்டி ஒரு பெரிய சிலுவை செய்வேன். பவனியில் எல்லாருக்கும் முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு போவதும் நான்தான். முன்னால் போகிறவனுக்குப் பின்னால் இருப்பவர்களின் முகம் தெரியாது. கூச்சப்படுகிறவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பாட வேண்டாம், ஜெபிக்க வேண்டாம், சிலுவை சாயாமல் பிடித்தால் போதும். அந்த ஒன்றரை மணி நேரம் நான் சொல்லாமல் விட்ட ஜெபமெல்லாம் போய்ச் சேர்ந்துவிடுவதாக எனக்குத் தோன்றும்.

குருத்து எங்கிருந்து வரும் என்றால், எங்கள் காண்ட்ராக்டருடைய தென்னந்தோப்பிலிருந்து. எங்களைக் கம்பெனியில் வேலைக்கு வைத்தவர் அவர். பக்கத்துக் கிராமத்தில் பரம்பரையாக நெல் விளைவிக்கிற குடும்பம். கட்சி ஆட்களும் அதிகாரிகளும் அவர் வீட்டில் வந்து சாப்பிட்டுப் போவார்கள். என் அப்பா அந்த வீட்டு நிலத்தில் நாற்று பிடுங்கியவர். அவருடைய அப்பாவை என் அப்பா 'ஆண்டே' என்று கூப்பிட்டார். கம்பெனிகள் வந்தபிறகு நான் இவரை 'அண்ணா' என்று கூப்பிடுகிறேன். அவரும் என்னைப் பிரியமாக 'நைனா' என்பார். ஆந்திரா எல்லை பக்கம் என்பதால் அந்த வார்த்தை எங்கள் பக்கத்தில் தாராளமாகப் புழங்கும். வருஷா வருஷம் நான் போய் நின்றால், எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்காமலேயே மரம் ஏறுகிறவரைக் கூப்பிட்டு இரண்டு குருத்து வெட்டித் தரச் சொல்வார். நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அந்த வீட்டுக் கல்யாணங்களுக்கு என் அப்பாவும் போவார். பந்தல் போட, தண்ணீர் சுமக்க, பாத்திரம் தூக்க. சாப்பாடு கடைசியில், மாட்டுக் கொட்டகை பக்கம். அப்பா அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு எல்லாருக்கும் முன்னால் போய் முதல் பாயில், பீடத்துக்கு நேர் எதிரே உட்காருவார். எவ்வளவு கூட்டம் வந்தாலும் யாரும் அவரைப் பின்னால் போகச் சொன்னதில்லை. அவர் முன்வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்த ஒரே இடம் அதுதான்.

நான் சொல்ல வந்தது நடந்து பதினொரு வருஷம் ஆகிறது. அப்போது நான் காண்ட்ராக்டில் சேர்ந்து பதினாறு வருஷம் முடிந்திருந்தது. எங்களுக்கு மஞ்சள் அட்டை. பர்மனென்ட் ஆட்களுக்கு நீல அட்டை. கேன்டீனில் இருவருக்கும் தனித்தனி மேசை. நீல அட்டைக்காரருக்கு வேலை நிலையானது, பிள்ளைகள் படிப்புக்கு உதவி உண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 'இன்னும் வரலாமா' என்று கேட்டு நிற்க வேண்டாம். அந்த வருஷம் காண்ட்ராக்ட் ஆட்களில் சிலரை எடுத்து நீல அட்டை தரப் போவதாகப் பேச்சு வந்தது. பட்டியலை எழுதுகிறவர் கம்பெனி மேனேஜர். அவர் காரில் வருவார், காரில் போவார். பதினாறு வருஷத்தில் என் முகத்தை அவர் ஒரு தடவையாவது பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

அந்தச் சமயத்தில்தான் காண்ட்ராக்டரின் மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிவானது. பங்குனி முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை காலை, ரோட்டு முனையில் இருக்கும் மண்டபத்தில். காலண்டரைப் பார்த்தேன். குருத்தோலை ஞாயிறு.

அவர் என்னைக் கூப்பிட்டு, கல்யாணத்துக்குத் தோரணம் என் கையால்தான் மடிக்க வேண்டும் என்றார். அவர் தோப்பில் குருத்து வாங்கிக்கொண்டு போய் நான் என்னென்னவோ மடிப்பதை அவர் பார்த்திருக்கிறார். கிளி மடிப்பு, பாய் மடிப்பு எல்லாம் எனக்குத் தெரியும் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பதினாறு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி. சந்தோஷமாகச் சரி என்றேன். பிறகுதான் அவர் விஷயத்துக்கு வந்தார்.

"ஞாயித்துக்கெழமை ஏழுக்கெல்லாம் நீ மண்டபத்துல இருக்கணும் நைனா. மேனேஜர் ஏழரைக்கு வர்றாரு. வாசல்ல சந்தன டேபிளாண்ட நில்லு. உள்ள கூட்டிக்கினு போவ சொல்லோ உன் கையப் புடிச்சி, இவன்தான் நம்ம ஆளுன்னு காட்டி வுட்டுடறேன். நீ வாயே தொறக்க வேணாம்."

பவனி சரியாக ஏழு மணிக்குக் கிளம்பும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இதுல யோசிக்க இன்னாயா கீது? கர்த்தர் அடுத்த வருசமும் கழுதை மேல வருவாரு. மேனேஜரு கார்ல ஒரு தபாதான் வருவாரு."

ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடமும் போய்ச் சொன்னேன். போதகர் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார்; மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் ஆராதனை நடத்துவார். அவர் தடுப்பார் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. தடுத்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது போல. அவர் தடுக்கவில்லை. நாலு பேர் நல்லது கெட்டதுக்குப் போவதும் விசுவாசத்துக்குச் சாட்சிதான், போய்விட்டு வா, சிலுவையை வேறு யாராவது தூக்கட்டும் என்றார். என் மனைவியின் தம்பி, என் மச்சான், உடனே நான் தூக்குகிறேன் என்று முன்னால் வந்துவிட்டார். ஆக, எல்லாம் சுலபமாக முடிந்துவிட்டது. என்னை யாரும் எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே தோப்புக்குப் போனேன். குருத்து வெட்டி இறக்கியதும் இரண்டாகப் பிரித்தேன். பெரிய கட்டு மண்டபத்துக்கு. சின்னக் கட்டு ஆலயத்துக்கு. அதை ஈரச் சாக்கில் சுற்றி வண்டியில் வைத்தேன். மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார இடம் கொடுத்தார்கள். காண்ட்ராக்டரின் அக்காவும் இன்னும் இரண்டு உறவுக்காரப் பெண்களும் குருத்தை ஈர்க்கு நீக்கிக் கிழித்துத் தந்தார்கள். நான் மடித்தேன். மடித்ததைக் கயிற்றில் கோத்து ஒருத்தர் சுவரோரம் கட்டிக்கொண்டே போனார். சாம்பார் வாசனையும் பெண்கள் பேச்சும் காதில் விழுந்துகொண்டிருந்தன. சம்பந்தி வீட்டார் எத்தனை வண்டியில் வருவார்கள், எந்தக் கட்சிக்காரர் தாலி எடுத்துக் கொடுப்பார், யார் போட்டோவை பிளெக்ஸில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள் என்று பேச்சு.

என் மனது அங்கே இல்லை. நாளைக்கு மேனேஜர் முன்னால் நிறுத்தினால் நான் எங்கே பார்ப்பது, வணக்கம் என்று சொல்ல வேண்டுமா, தலையை ஆட்டினால் போதுமா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் தாண்டியிருக்கும். காண்ட்ராக்டரின் அக்கா திடீரென்று சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாப்பா இது, இந்தக் கிளிங்க எல்லாம் றெக்கைய நேரா நீட்டிக்கினு கீது?"

திரும்பிப் பார்த்தேன். இரண்டு சரம் முழுக்கச் சிலுவை தொங்கிக்கொண்டிருந்தது.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை என்றால் என் கைக்கு ஒரே வேலைதான் தெரியும். மனது வேறெங்கோ போனதும் கை அதன் வழக்கப்படி போய்விட்டது. பெண்கள் சிரித்த சிரிப்பில் காண்ட்ராக்டரே வந்துவிட்டார். சரத்தைத் தூக்கிப் பார்த்தார். என் காது சுட்டது. அவர் கோபப்படவில்லை.

"பரவால்ல நைனா, ஏசுவும் கல்யாணத்துக்கு வந்துட்டுப் போவட்டும். ஆனா சம்பந்தி ஊட்டுக்காரங்க வேற மாதிரி. பேஜாரா பூடும். கழட்டிடு."

கழற்றினேன். ஒவ்வொன்றாகப் பிரித்து நீவினேன். கிளியாக மடிக்கப் பார்த்தேன், மூன்று கிழிந்தது. நான்காவதை முயற்சி செய்யவில்லை. புது ஓலை வேண்டும். மண்டபத்துக்கு வெட்டியதில் மீதி இல்லை. மரம் ஏறுகிறவர் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். வண்டியில் ஈரச் சாக்கில் இருந்த கட்டைக் கொண்டுவந்து பிரித்தேன். ஆலயத்துக்கு வைத்திருந்த குருத்தில் கிளி மடித்து அந்த இரண்டு சரத்தையும் முடித்தேன். பெரிய சிலுவைக்கு வேண்டிய ஒரு முழுக் குருத்து மட்டும் மிச்சம். பிரித்துப் போட்ட பழைய ஓலைகளைக் கூட்டித் தள்ளப் போனார்கள். வேண்டாம் என்று ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது காண்ட்ராக்டர் ஒரு பை கொடுத்தார். உள்ளே புது வேட்டி, வெள்ளைச் சட்டை. அப்புறம் தோளில் கை போட்டுக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார். சந்தன டேபிள் பக்கம் நிற்கிறவன் வெறும் நெற்றியோடு நின்றால் வருகிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும், விபூதியும் சந்தனமும் இட்டுக்கொள் என்றார். மேனேஜர் ஒன்றும் கேட்க மாட்டார், கேட்டால் நம்ம ஊர்ப் பையன் என்று சொல்லிக்கொள்வேன், மற்றதெல்லாம் எதற்கு என்றார். "ஒரு காலைதானே நைனா," என்றார்.

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சந்தனத்தின் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. பங்குனி வெயிலுக்கு நெற்றியில் குளிர்ச்சியாக இருக்கும். எங்கள் தெருவிலேயே பாதி வீட்டில் இட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் வீட்டில் நானும் என் வீட்டில் அவர்களும் சாப்பிடுகிறோம். அவர்கள் இட்டுக்கொள்வது அவர்கள் நம்பிக்கைக்கு. நான் இட்டுக்கொள்வது மேனேஜருக்கு. வண்டியில் வரும்போது அந்த ஒன்றுதான் முள் மாதிரிக் குத்தியது.

ஞாயிறு விடியற்காலை எழுந்து ஓலைப் பையைப் பிரித்தேன். ஓலைகள் கொஞ்சம் வாடியிருந்தன. ஒன்றை எடுத்ததும் பழைய மடிப்பிலேயே தானாக வந்து விழுந்தது. விரலுக்கு வேலையே இல்லை. தண்ணீர் கொதிப்பதற்குள் பாதி முடிந்துவிட்டது. மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்து, இது ஏன் இப்படி நசுங்கியிருக்கிறது என்றாள். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தது என்றேன். அவள் சிரிக்கவில்லை. அதை மற்றதோடு சேர்த்து வைத்தாள்.

புது வேட்டி சட்டை போட்டுக்கொண்டு வண்டியில் ஆலயத்துக்குப் போனேன். சிலுவைப் பையை இறக்கிவிட்டு, மூங்கிலையும் குருத்தையும் மச்சானிடம் கொடுத்துவிட்டு, அப்படியே மண்டபம் போய்விடுவது என் கணக்கு. மூன்று நிமிஷத்து ரோடு. வண்டியை நிறுத்தாமல் ஓடவிட்டபடி இறங்கினேன். ஜனங்கள் வெள்ளை உடுத்தி வெளியே நின்றிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டு விதவை அம்மா, காலனியில் யாரையும் விடாமல் வம்புக்கு இழுப்பவர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சட்டை ஜோரா கீதே. யாருக்குப் பொண்ணு பாக்கப் போற?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பையைக் கொடுத்தேன். அதற்குள் மச்சான் மூங்கிலில் குருத்தைச் சேர்த்துக் கட்டித் தூக்கிப் பார்த்தார். அது ஒரு பக்கம் சரிந்து அவர் தலைமேலேயே விழுந்தது. மறுபடி கட்டினார். மறுபடி சரிந்தது. கம்பிக் கட்டு கட்டியே பிழைக்கிறவன் பக்கத்தில் நின்றுகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வண்டியை அணைத்துவிட்டு வந்து அதை வாங்கினேன். முழங்காலில் வைத்து, குறுக்கில் இரண்டு சுற்று, நெடுக்கில் இரண்டு சுற்று, முறுக்கி இறுக்கினேன். நிமிர்த்திப் பார்த்தேன். நேராக நின்றது.

அந்த நேரம் பார்த்து உபதேசியார் ஜெபம் தொடங்கிவிட்டார். எல்லாரும் தலை குனிந்தார்கள். ஜெபத்தின் நடுவில் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போக முடியுமா? சிலுவையைப் பிடித்தபடி நின்றேன். அவர் கொஞ்சம் நீளமாக ஜெபிக்கிறவர். கண்ணை மூடினால் அப்பா முதல் பாயில் உட்கார்ந்திருக்கிற முதுகு வந்தது. மண்டபத்தில் ஒருவர் என் கையைப் பிடித்து இன்னொருவருக்குக் காட்டப் போகிறார். இங்கே என்னை யாரும் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. இந்த இடத்தில் இருப்பவருக்கு என்னை ஏற்கெனவே தெரியும், என் இருமல் உள்பட.

ஆமென் சொன்னார்கள். மச்சான் கையை நீட்டினார்.

"குடு மாமா, டைம் ஆவுது உனுக்கு."

நான் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. நடக்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான். மச்சான் நீட்டிய கையோடு இரண்டடி கூட வந்துவிட்டு நின்றுவிட்டார்.

காலனித் தெரு முடிந்து ரோட்டு முனைக்கு வந்தோம். அங்கே நின்று ஒரு பாட்டு முழுதாகப் பாடிவிட்டுத் திரும்புவது வழக்கம். மண்டபம் நேர் எதிரில். வாழைமரம், மேளம், பிளெக்ஸ், என் கிளிகள். நாங்கள் ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறோம். எனக்குப் பின்னால் ஒரு கார் வந்து மெதுவாக நின்றது. கார் யாருடையது என்று திரும்பிப் பார்க்காமலேயே தெரிந்துவிட்டது. மண்டப வாசலில் காண்ட்ராக்டர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அந்தக் காரையே பார்த்து நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். சந்தன டேபிள் பக்கத்தில் என்னோடு கம்பி கட்டும் ஒருவன், நெற்றி நிறைய விபூதியோடு நின்றிருந்தான். நான் வராததைப் பார்த்து அவசரமாக அவனை நிறுத்தியிருக்கிறார்.

பாட்டைச் சீக்கிரம் முடிக்கலாமா என்று உபதேசியார் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார். அவருக்கும் புரிந்திருந்தது. நான் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று. அந்தப் பாட்டுக்கு ஐந்து சரணம். ஐந்தும் பாடினார்கள். கடைசிச் சரணத்தில் என் வாயும் அசைந்தது. சத்தம் வந்ததா என்று தெரியாது. சிலுவை சாயவில்லை.

பிறகு வழிவிட்டோம். கார் மண்டபத்துக்குள் போனது.

ஒரு வாரம் காண்ட்ராக்டர் என்னோடு பேசவில்லை. பிறகு கம்பி அடுக்கும் இடத்துக்கு வந்து நின்றார். எங்கள் கூட்டத்தில் இருந்த ஒரு சின்னப் பெண் கார்க் கண்ணாடி வழியாக மேனேஜரிடம் ஒரு ஓலைச் சிலுவையை நீட்டியதாம். அவர் வாங்கி, காரில் முன்னால் இருந்த பிள்ளையார் பக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினாராம். இதைச் சொல்லிவிட்டு, நான் கட்டிய ஒரு கட்டைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"அவரு எதிர்ல நிக்கச் சொன்னேன். நீயும் நின்ன. ஆனா முதுகைக் காட்டிக்கினு நின்னுட்டியே நைனா."

"மன்னிச்சிக்கோணா," என்றேன். புது வேட்டி சட்டையைத் துவைத்துத் திருப்பிக் கொண்டுவந்திருந்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

சித்திரை கடைசியில் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. சந்தன டேபிளில் நின்றவன் பெயர் இருந்தது. அவன் நல்ல வேலைக்காரன், தகுதி இல்லாதவன் இல்லை. பொறாமை இல்லை என்று எழுதினால் அது பொய். கேன்டீனில் அவன் நீல மேசைக்குப் போய் உட்கார்ந்த முதல் நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, நான் முட்டாள் என்று நீயாவது சொல்லிவிடு என்று மனைவியிடம் கேட்டேன். எந்தப் பேச்சுக்கும் பதில் வைத்திருக்கிறவள் அவள்.

"முட்டாள்தான்," என்றாள். "சோறு ஆறுது, துன்னு." பிறகு, "நீ அன்னிக்கிப் பாடன. நான் பின்னாலதான் வந்துக்கினு இருந்தேன். கேட்டுச்சு," என்றாள்.

அடுத்த வருஷம் குருத்தோலை ஞாயிறு நெருங்கியதும் எனக்குக் கால் எழவில்லை. தோப்புக்குப் போய் எந்த முகத்தோடு நிற்பது? கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தபோது காண்ட்ராக்டரே ஆளனுப்பினார். போனேன். மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு குருத்து ஏற்கெனவே வெட்டிக் கிடந்தது. இரண்டாவது மகளுக்கும் கல்யாணம் வைத்திருப்பதாகவும், தோரணம் நான்தான் மடிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"இந்த தபா தேதி பாத்துதான் வெச்சேன். புதன்கெழமை. உங்க சாமி அன்னிக்கி எங்கியும் ஊர்வலம் போவல இல்ல?"

"இல்லணா," என்றேன்.

"அப்ப வா. கிளி மட்டும் மடி."

மேனேஜர் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த மேனேஜர் அதன்பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். பட்டியல் மறுபடி ஒட்டவே இல்லை. என் அட்டை இன்றும் மஞ்சள்தான். காண்ட்ராக்ட் இப்போது காண்ட்ராக்டரின் மருமகன் கையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 'வரலாமா' என்று போய் நிற்கிறேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுகிறார். என் மகள் படிப்பை நாங்கள் கஷ்டப்பட்டுத்தான் முடித்தோம். அந்த அட்டை நீலமாக இருந்திருந்தால் எது எது சுலபமாகியிருக்கும் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். அது எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்து, ஜெபம் முடிந்து மச்சான் கையை நீட்டிய அந்த நிமிஷத்தை இன்னொரு பக்கம் வைத்து, பல தடவை யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கை அந்த மூங்கிலைத்தான் பிடித்துக்கொள்கிறது.

ரோடு அகலப்படுத்தியபோது அந்த மண்டபத்தின் முன்பக்கம் போய்விட்டது. தோப்பில் பாதி பிளாட் போட்டாகிவிட்டது. ஆனாலும் எனக்கு இரண்டு குருத்து கிடைத்துவிடுகிறது. ஜெபக்கூட்டத்தில் இன்னும் இருமுகிறேன். ஏறு வெயிலில் நடந்தால் முழங்கால் வலிக்கிறது. ரோட்டு முனையில் ஐந்து சரணம் நிற்பதற்குள் வியர்த்துவிடுகிறது.

நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு. சிலுவைகளை மடித்து ஈரத் துணியில் மூடிவிட்டேன். பெரிய சிலுவையைக் கட்டிச் சுவரில் சாய்த்திருக்கிறேன். காலையில் ஜெபம் முடிந்ததும் மச்சான் அந்தக் கல்யாண வருஷத்திலிருந்து வழக்கமாகச் செய்வதுபோல எல்லார் முன்னாலும் கையை நீட்டி, குடு மாமா, டைம் ஆவுது உனுக்கு என்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.